மக்காச்சோளச் சாகுபடியில் சிறு விவசாயியின் கணக்கு

நமது முன்னோர் பயிரிட்ட கம்பும் சோளமும் கேழ்வரகும் அவர்கள் உண்ட தானியங்கள். விலை இல்லாத வருஷத்தில் அவற்றைக் குதிரில் கொட்டி வைத்துக் குடும்பம் பசியாறியது. மக்காச்சோளம் அத்தகைய பயிரன்று. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், சேலம், திருப்பூர், விருதுநகர், தூத்துக்குடி ஆகிய மாவட்டங்களில் பல லட்சம் ஏக்கரில் இன்று அது நிற்கிறது. ஆயினும் அதை விளைவிக்கும் வீட்டில் அது உலையேறுவதில்லை. நாமக்கல், பல்லடம் வட்டாரங்களின் கோழிப்பண்ணைகளுக்கே பெரும்பகுதி செல்கிறது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். கோழிக்காரர் வாங்கினால் பணம். வாங்காவிடில் வாசலில் மூட்டை. இப்பயிரைப் பற்றி நாம் பேசும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விஷயமே அடிப்படை என்பதால் இதனை முதலில் கூற நேர்ந்தது.

மானாவாரிக் கரிசலில் இப்பயிர் இவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பருத்தியைவிட ஆட்செலவு குறைவு. 105 முதல் 110 நாட்களில் காடு காலியாகிவிடும். புரட்டாசியில் விதைத்தால் தையில் கதிர் ஒடிக்கலாம். தட்டை மாட்டுக்கு ஆகும். இவை தவிர, வீரிய ஒட்டு விதை தரும் விளைச்சல் பழைய நாட்டுச் சோளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. நம் நாட்டில் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள அபிவிருத்தித் திட்டம் 1957-இல் தொடங்கியது. அதன் பயனாக 1961-இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற முதல் நான்கு வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. இன்று நமது வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கோ.எச்.எம். 6, கோ.எச்.எம். 8 போன்றவையும், தனியார் கம்பெனிகளின் ரகங்கள் பலவும் கடையில் உள்ளன.

ஆனால் ஒட்டு விதைக்கு ஒரு குணம் உண்டு. இவ்வாண்டு விளைந்த மணியை எடுத்து மறு ஆண்டு விதைத்தால், ஒரே வயலில் நெட்டையும் குட்டையுமாய், கதிர் பெரிதும் சிறிதுமாய் முளைத்து விளைச்சல் வெகுவாகக் குறையும். எனவே வருஷந்தோறும் விதையைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். வீட்டில் விதை கட்டி வைத்துப் பழகிய குடியானவருக்கு, விதைப்பு நாளன்றே பணத்தேவை வந்துவிடுகிறது. அப்பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே பின்னால் தானியத்தை யாரிடம் விற்கிறார் என்பது தீர்மானமாகிறது.

நமது மாநிலத்தில் 2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி ஒரு கைப்பற்றின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கருக்குச் சற்றே குறைவு. நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். ஆகவே கீழே நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கும் 2 ஏக்கர்காரரின் கணக்கே.

ஏக்கருக்கு உழவு, விதை, அடியுரம், மேலுரம், களை, மருந்து, கதிர் ஒடிப்பு, எந்திரத்தில் அடிப்பு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ரூ.30,000 ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். (அவரவர் தமது செலவை எழுதிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், வீட்டு ஆட்களின் கூலியை விட்டுவிடுவோர் பலர், அதனையும் எழுத வேண்டும்.) ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால், ஒரு குவிண்டாலின் அடக்கவிலை ரூ.1,500. மழை பிந்தி 15 குவிண்டால் ஆனால் ரூ.2,000. புழுவும் வறட்சியும் சேர்ந்து 12 குவிண்டாலில் நின்றால் ரூ.2,500. செலவு ஏறக்குறைய அப்படியே இருக்க, விளைச்சல் மட்டும் குறைவதால் அடக்கவிலை இவ்வாறு ஏறுகிறது. மத்திய அரசு 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,400. 12 குவிண்டால் கண்டவருக்கு அந்த விலையே கிடைத்தாலும் நஷ்டம்தான். எனவே விலையை மட்டும் பேசிப் பயனில்லை. விளைச்சலை மட்டும் பேசியும் பயனில்லை.

விளைச்சலைக் குறைத்தவற்றுள் முதலிடம் படைப்புழுவுக்கே. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்தப் புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் இறங்கி, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் காணப்பட்டு, அதே வருஷப் பருவத்திலேயே நமது கரிசல் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன் அந்துப்பூச்சி ஓர் இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. 2018 ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாம் காடு காடாய் நடந்தபோது, குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம் அடைந்திருக்க, இலைகள் சல்லடையாய்த் தொங்கிய காட்சி இன்னும் மறக்கவில்லை. பலர் பயிரை உழுதே போட்டனர். அரசு நிவாரணம் அளித்தது. ஆயினும் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் நிவாரணத்தோடு தீரவில்லை.

தலையில் கவிழ்ந்த ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெளிர் கோடும், பின்பகுதியில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இப்புழுவின் அடையாளம். ஒரு குவியலில் 100 முதல் 200 முட்டை வரை இடும். புழு வளர்ந்து குருத்தின் ஆழத்துக்குப் போய்விட்டால் எந்த மருந்தும் எளிதில் எட்டாது. அதனால் பயிர் சிறிதாயிருக்கும் முதல் 45 நாட்களே முக்கியமானவை. கோடையுழவு செய்து மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவது. நேர்த்தி செய்த விதையையே விதைப்பது. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைப்பது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பூச்சி வரவைக் காண்பது ஆகியவை செலவு குறைந்த முறைகள். முளைத்த 15 முதல் 20 நாளில் வேம்பு மருந்தும், தேவைப்பட்டால் 40 முதல் 45 நாளில் எமாமெக்டின் பென்சோயேட் போன்ற மருந்தை லிட்டர் நீருக்கு 0.4 கிராம் வீதம் குருத்துக்குள் விழுமாறும் தெளிக்கலாம். இலை மேலே பரவலாய் அடிப்பது மருந்தையும் கூலியையும் மண்ணில் ஊற்றுவதே. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும்.

இதில் தனி ஒருவர் செய்வதற்கும் ஊர் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் மூன்று வாரம் பிந்தி விதைத்தால், முன் விதைத்த காட்டில் பெருகிய பூச்சி இளம் பயிருக்கே போகிறது. ஆகவே ஓர் ஊரில் ஒரே வாரத்தில் விதைப்பை முடிக்க ஏற்பாடு செய்வது, எந்த மருந்தையும்விடச் சிக்கனமான தடுப்பு. பஞ்சாயத்து அங்கத்தினர் தலையிட்டால்தான் இது நடக்கும். காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் இரவு பகல் காவல் இருக்கும் சிரமத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதற்கு எளிய பரிகாரம் நம்மிடம் இல்லை.

இனி விலைக்கு வருவோம்.

2018-19இல் படைப்புழுவாலும் வறட்சியாலும் வரத்துக் குறைந்தது. 2019-இல் மக்காச்சோள விலை ஏறிற்று. வெளிநாட்டிலிருந்து குறைந்த தீர்வையில் தருவிக்க மத்திய அரசு அனுமதிக்கும் அளவுக்கு ஏறிற்று. ஆனால் நமது ஊர்களில் அப்போது விற்பதற்கு மூட்டை இல்லை. மறு பருவத்தில் ஓரளவு விளைந்தது. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழி தின்றால் கொரோனா வரும் என்ற ஆதாரமற்ற வதந்தி கிளம்பி, கோழி விற்பனை சரிந்தது. பின்னர் ஊரடங்கும் வந்தது. அந்த ஆண்டு ஆதரவு விலை ரூ.1,760 ஆக இருந்தும், சந்தை விலை அதற்கு வெகு கீழே போயிற்று. விலை இருந்தபோது சரக்கு இல்லை, சரக்கு இருந்தபோது விலை இல்லை என்று அப்போது ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். அவர் வருந்திச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலவே சொன்னார்.

நெல்லுக்கு இருப்பது போன்ற நேரடிக் கொள்முதல் நிலையங்கள் மக்காச்சோளத்துக்கு நமது மாநிலத்தில் வழக்கமாக இல்லை. ஆதலால் ஆதரவு விலையைப் பேரம் பேச உதவும் ஓர் அளவுகோலாக மட்டுமே கொள்ள முடிகிறது. மேலும், கோழிப்பண்ணைக்காரர் நமது தை, மாசி அறுவடையை நம்பி மட்டும் இல்லை. ஐப்பசி முதல் கர்நாடகச் சரக்கும், சித்திரை வைகாசியில் பீகார்ச் சரக்கும் அவருக்கு வந்து சேரும். அங்கே நன்றாக விளைந்தால் இங்கே விலை இறங்கும். அண்மை ஆண்டுகளில் எரிசாராய ஆலைகள் புதிய கிராக்கியாய் வந்துள்ளன; ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஏற்றுமதி செய்துவந்த நமது நாடு 2024-இல் மியன்மாரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்கியது இக்கிராக்கியின் விளைவே. இது விவசாயிக்கு நல்லதே. ஆயினும் எத்தனாலின் விலையும் அதன் கலப்பு அளவும் அரசின் கொள்கையைப் பொறுத்தவை. கொள்கை மாறினால் கிராக்கியும் மாறும். இதை நம்பி ஊரெல்லாம் இந்த ஒரு பயிரையே போடுவது நமக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

நாமக்கல் விலையையும் பீகார் விளைச்சலையும் நாம் மாற்ற இயலாது. ஆனால் விவசாயியின் களத்துக்கும் வியாபாரியின் தராசுக்கும் இடையே குறைவது ஒன்று உண்டு. அதனை ஊரே தடுக்க முடியும். அதுதான் ஈரம்.

மணி ஒடிக்கும்போது ஈரம் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். அரசின் தரக்குறிப்பில் அனுமதிக்கப்படும் ஈரம் 14 சதவீதம். ஈரம் கூடுதலாயிருந்தால் வியாபாரி எடையில் கழிப்பது நியாயமே, தண்ணீருக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள். எவ்வளவு கழிப்பது என்பதே கேள்வி. 18 சதவீத ஈரமுள்ள 100 கிலோவில் உலர்ந்த பொருள் 82 கிலோ. 14 சதவீத ஈரத்தில் அதே 82 கிலோ உலர்ந்த பொருளைக் கொண்ட சரக்கின் எடை 95.35 கிலோ. எனவே நியாயமான கழிவு 4 கிலோ 650 கிராம். 16 சதவீதமானால் 2 கிலோ 330 கிராம். 20 சதவீதமானால் 6 கிலோ 980 கிராம். 14-க்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஏறத்தாழ 1 கிலோ 160 கிராம் என்று நினைவில் வைத்தால் போதும். வியாபாரிக்கு உலர்த்தும் கூலி உண்டு. அதனை அவர் தனியே கேட்கட்டும், பேசித் தீர்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், கணவரை இழந்து 2 ஏக்கரைத் தாமே பார்த்துவரும் ஓர் அம்மையார் வேறு ஒரு மனு விஷயமாக நமது அலுவலகத்துக்கு வந்தார். மனுவைத் தேடும்போது அவரது பையிலிருந்து ஓர் எடைச் சீட்டு விழுந்தது. 40 குவிண்டால், ஈரம் 18, கழிவு குவிண்டாலுக்கு 8 கிலோ, விலை ரூ.2,000 என்று இருந்தது. மேற்கூறிய கணக்குப்படி கழிவு மொத்தம் 186 கிலோ ஆக வேண்டும். எடுத்திருந்ததோ 320 கிலோ. மிகுதி 134 கிலோ, பணமாக ரூ.2,680. “வழக்கமாக அப்படித்தான் பிடிப்பாங்க ஐயா” என்றார் அம்மையார். ஈரம் 18 என்பதை யார் பார்த்தார்கள் என்று கேட்டோம். வியாபாரியின் ஆள் மணியைக் கடித்துப் பார்த்துச் சொன்னாராம். விதையும் உரமும் அந்த வியாபாரி கடனாகக் கொடுத்தவை என்பதால், வேறிடம் கொண்டு செல்லவும் அவருக்கு வழியில்லை. இந்த நிலையில் உள்ளவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று உரிய தவணையில் திருப்பினால் வட்டியில்லை. சங்கக் கடன் பெற்றவர் தம் சரக்கைத் தாம் விரும்பிய இடத்தில் விற்கலாம். அதற்கான சிட்டா, அடங்கல் நகல்களை விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே வாங்கி வைக்க வேண்டும். விதைப்பு வாரத்தில் அலைபவர் கடைசியில் கடன் கொடுக்கும் கடைக்கே போகிறார்.

ஈரத்தைக் குறைக்கக் களம் வேண்டும். களம் இல்லாத ஊர்களில் தார்ச்சாலையே களம். இரவில் சாலையில் குவித்த மக்காச்சோளத்தில் சறுக்கி விழுந்த மோட்டார் சைக்கிள்காரர்களை நாம் எல்லோரும் அறிவோம். இதற்கு முடிவு கட்ட எண்ணி நாமும் ஒரு களம் கட்டினோம். அதில் செய்த தவறுகளையும் சொல்லிவிடுவது நல்லது. இடம் இலவசமாகக் கிடைத்தது என்று ஊருக்கு மேற்கே இரண்டு புளியமரங்களுக்கு நடுவே சிமெண்டுத் தளம் போட்டோம். மதியம் 2 மணிக்கு மேல் நிழல் விழுந்தது. பக்கத்தில் கொட்டகை இல்லை; தை மாதத்தில் எதிர்பாராத மழை பெய்த ஓர் இரவில், உலரக் கிடந்த சரக்கை அள்ளி வைக்க இடமின்றி நனைந்தது. அதன் பின் விவசாயிகள் சாலைக்கே திரும்பினர். களத்தில் கல்யாணப் பந்தல் போடப்பட்டது. செலவுக் கணக்கில் அந்த வேலை பூர்த்தியானதாகவே பதிவாகியுள்ளது.

அடுத்த களத்துக்கு இடத்தை விவசாயிகளையே காட்டச் சொன்னோம். அவர்கள் காட்டிய இடம் சற்று மேடு, மரம் இல்லை, லாரி வர வழி உண்டு. அதன் அளவைப் பற்றியும் முன்கூட்டியே கணக்குப் பார்த்தோம். மணியை 2 அங்குல கனத்துக்குப் பரப்பினால் 100 சதுர மீட்டர் தளத்தில் ஏறத்தாழ 36 குவிண்டால் கொள்ளும். அது ஒரு 2 ஏக்கர்காரரின் விளைச்சலுக்கே சரியாய்ப் போகும். நல்ல வெயிலில் மூன்று நாள் காய வேண்டுமானால், ஒரு மாதத்தில் 10 பேருக்கு மேல் அந்தக் களம் பயன்படாது. ஆகவே தளம் கட்டுவதோடு வேலை முடியவில்லை. முறைப் பதிவேடு வேண்டும், யாருக்கு எந்த மூன்று நாள் என்று கதிர் ஒடிப்புக்கு முன்பே எழுத வேண்டும். பதிவேட்டை முதல் ஆண்டு ஊர்ப் பெரியவர் ஒருவர் வைத்திருந்தபோது வந்த புகார்கள் அதிகம். மறு ஆண்டு மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்தபின் புகார்கள் குறைந்தன. தார்ப்பாய் நான்கும், தகரக் கொட்டகை ஒன்றும் ஊராட்சி நிதியில் வாங்கிச் சேர்த்தோம்.

ஈரத்தோடு மூட்டை கட்டினால் வேறொரு கேடும் உண்டு. பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். கோழிக்கு அது ஈரலைக் கெடுக்கும். தீவன ஆலைகள் சோதித்துச் சரக்கைத் திருப்பிவிடும். திருப்பிய சரக்கைக் கறவை மாட்டுக்கு வைத்துவிடலாம் என்று நினைப்போர் உண்டு. அந்த நஞ்சின் கூறு பாலிலும் இறங்கும் என்பதால் அப்படிச் செய்யலாகாது. சேமிப்பதானால் ஈரத்தை 12 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நன்கு காய்ந்த சரக்கு இருந்தால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்லலாம். அங்கே மின்னணு எடை உண்டு. மறைமுக ஏலம் உண்டு. 2016-இல் தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையில் இணைந்த கூடங்களில் வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம். அன்று விலை பிடிக்காவிட்டால் கிடங்கில் வைத்து மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெற்று, 180 நாள் வரை காத்திருக்கலாம். (இருப்பு வைத்தால் விலை ஏறியே தீரும் என்று எண்ண வேண்டாம். பீகார்ச் சரக்கு வரும் மாதத்துக்கு முன் விற்றுவிடுவது பொதுவாக நல்லது.) 10 மூட்டைக்கு ஒரு வண்டி பிடித்தால் வாடகையே இலாபத்தைத் தின்றுவிடும், எனவே நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் ஒரே லாரியில் கொண்டு போவது அவசியம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்து இதைச் செய்யலாம். பங்குத் தொகை கட்டியதோடு நின்று, கணக்கே கேட்காத நிறுவனங்கள் சில பெயரளவில் இருப்பதையும் கண்டிருக்கிறோம். லாரி வாடகைக்காக நால்வர் சேரும் ஊரில், சங்கம் பின்னால் தானாகவே அமையக்கூடும்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயியின் பங்கு, காரீப் பருவத்துக்குக் காப்புத் தொகையில் 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1½ சதவீதம். 2020 காரீப் முதல் கடன் பெற்றோரும் தம் விருப்பப்படியே சேரலாம் என்றாகிவிட்டதால், திட்டத்தில் சேராதவருக்கு எதுவும் கிடைக்காது. இழப்பீடு பயிர் அறுவடைச் சோதனையில் கிடைக்கும் எடையைக் கொண்டே முடிவாகிறது. அந்தச் சோதனை நடக்கும் நாளில் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் வயலில் நின்று எடையைக் குறித்துக்கொள்வது அவரது ஊருக்கு அவர் செய்யக்கூடிய எளிய வேலை. நடைமுறையில் பெரும்பாலான ஊர்களில் அன்று யாரும் வருவதில்லை.

முழு நிலத்தையும் மக்காச்சோளத்துக்கே விடாமல், வரிசைகளுக்கிடையே உளுந்தோ தட்டைப்பயறோ போடுவதும், அரை ஏக்கரில் கம்போ சோளமோ போடுவதும் வீட்டுக்கு உணவும் மாட்டுக்கு நல்ல தட்டையும் தரும். மக்காச்சோளத் தட்டையை மாடு சோளத்தட்டையைப் போல விரும்பித் தின்பதில்லை என்பது மாடு வைத்திருப்போர் அறிந்ததே.

ஆகஸ்டு 15 கிராம சபைக்கும் புரட்டாசி விதைப்புக்கும் இடையே ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் உண்டு. விதைப்பு வாரம் எது, களத்து முறை யாருக்கு எப்போது, சங்கக் கடன் மனு எத்தனை பேருடையது நிலுவையில் உள்ளது என்ற மூன்றையும் அன்றே பேசி முடிக்கலாம். நமது ஒன்றியத்தில் ஈரம் காட்டும் கருவி இரண்டு வாங்கி வைத்துள்ளோம். உள்ளங்கையளவு மணியை இட்டால் அரை நிமிஷத்தில் எண் தெரியும். கட்டணமில்லை. கதிர் ஒடிப்புக் காலத்தில் ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும், மற்றொன்று வாரம் ஓர் ஊராட்சி வீதம் சுற்றியும் இருக்கும். மேலே சொன்ன அம்மையார் சென்ற தையில் தம் மணியைத் துணியில் முடிந்து கொண்டுவந்து சோதித்தார். ஈரம் 15 என்று காட்டிற்று. எண்ணைச் சீட்டில் எழுதி, அலுவலக முத்திரையும் வைத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.